டிரையல் ரூமுக்குள்ள வந்த விமானம்

தையல்கடை அக்காவும் கண்ணாடிக்கடைக்காரரும் டிரையல் ரூமுக்குள்ள திரையை இழுத்துவிட்டுக்கிட்டு நின்னாங்களாம். தெரு பூரா இதே பேச்சு. பார்த்த சாட்சி எதிர்க்கடை இஸ்திரிக்காரர். தேய்ச்ச துணியைக் கொடுக்கப் போன மனுஷனுக்குத் திரைச் சந்துல ரெண்டு தலை ஒட்டினாப்ல தெரிஞ்சிருக்கு. “இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, இப்பத் தெரியுதா?”ன்னு ஆம்பளைக் குரல். “ஐயோ, ஆமா சார்!”னு அக்கா குரல். போதாதா? பால்காரர் காதுக்குப் போறப்போ அது கல்யாணப் பேச்சாயிடுச்சு. பள்ளிக்கூட வாசலுக்குப் போறப்போ ரெண்டு பேரும் ரயில் டிக்கெட்டே எடுத்தாச்சு.

ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு? மூடவும் வேண்டாம். நடந்த கதை இதைவிட ருசி. கேளுங்க.

அக்காவோட வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு. அன்னைலேருந்து தையல் மிஷின்தான் அவங்களுக்குச் சோறு. முன்னாடி கடை, பின்னாடி ஒரு ரூம். அந்த ரூம்ல அவங்க அப்பா. விமானப்படையில மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். சரக்கு விமானத்துல கூடவே பறந்தவர். அவர்கிட்ட ஒரே ஒரு கதைதான் இருந்துச்சு. சண்டை நடக்கிறப்போ அடிபட்ட சிப்பாய்களை ஏத்திக்கிட்டு வந்தாங்களாம். கதவு சரியா மூடாதாம். இவர் கயித்தைக் கட்டி, இறங்குற வரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வந்தாராம். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பொம்பளைங்கல்லாம் இந்தக் கதையையும் சேர்த்து வாங்கிக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்.

இப்படி இருக்கையில அக்காவோட தம்பி ஒரு புத்தகம் வாங்கிட்டு வந்தான். விமானப்படைச் சண்டை வரலாறு, தடி அட்டை, உள்ள நிறையப் படம். ஒரு பக்கத்துல சாட்சாத் அப்பா! இளவட்டமா, மீசையோட, விமானத்துக்குப் பக்கத்துல நிக்கிறார். பின்னால சரக்குக் கதவு பப்பரப்பான்னு திறந்து கிடக்கு. எல்லாருக்கும் வாயெல்லாம் பல். அப்புறம் தம்பி படத்துக்குக் கீழே இருந்த வரியைப் படிச்சான். ‘பயிற்சிப் பிரிவைச் சேர்ந்த விமானம். போர்முனைக்குச் சென்றதில்லை.’

“என்னப்பா, கயித்தைப் பிடிச்சது வீட்டுக் கொடியிலயா?”ன்னு தம்பி சிரிச்சான். வெறும் வாயை மென்னவனுக்கு அவல் கிடைச்ச மாதிரி.

அக்கா, “டேய், சும்மா இரு”ன்னாங்க. ஆனா அப்பா கோவிச்சுக்கல. கொஞ்ச நாளா அவருக்கு மறதி. அடுப்பை அணைக்க மறப்பார், சாப்பிட்டாச்சான்னே மறப்பார். டாக்டரும் இது ஆரம்பம்தான்னு சொல்லியிருந்தார். அப்பா அந்த வரியை விரலால தடவிக்கிட்டே கேட்டார்: “பாப்பா, புத்தகத்துல அச்சடிச்சுப் போட்டுட்டாங்க. அப்போ நான்தான் எதையோ கனவு கண்டுட்டு நிஜம்னு சொல்லிக்கிட்டு இருந்தேனா?”

அன்னைக்கு நின்னதுதான் கதை. அதோட பேச்சும் குறைஞ்சுபோச்சு. தன் புத்திமேலயே நம்பிக்கை போயிட்டா மனுஷன் என்னத்தைப் பேசுவான்? அக்கா மிஷின்ல உட்கார்ந்தா தையல் கோணிக்கிட்டுப் போகும். அப்பா பொய் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல, மறுபடி அந்தப் பொய்யைச் சொன்னாப் போதும்னு ஆயிடுச்சு.

தெருக்கோடியில கண்ணாடிக்கடை. அந்தக் கடைக்காரருக்கு ஊர் வச்ச பேரு நொட்டை. மூக்குக்கண்ணாடி மாட்டுறது பொழைப்பு, விமானப் புத்தகத்துல நொட்டை சொல்றது மூச்சு. இந்த இறக்கை அந்த விமானத்துக்குக் கிடையாது, இந்தச் சக்கரம் அந்த வருஷம் வரவே இல்லன்னு பதிப்பகத்துக்காரங்களுக்கு எழுதி எழுதி அவங்க உயிரை வாங்குவார். இவரைப் பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போனப்போகூட, சுவத்துல மாட்டியிருந்த காலண்டர்ல விமானம் தப்புன்னு சொல்லித்தான் சம்பந்தம் முறிஞ்சதுன்னு பேச்சு. அது நிஜமான்னு தெரியாது, ஆனா நம்புற மாதிரி இருக்கு.

அவர்கிட்ட அக்கா புத்தகத்தை எடுத்துக்கிட்டு ஓடினாங்க. “சார், ஊர்ல உள்ள புத்தகத்துல எல்லாம் தப்பு கண்டுபிடிக்கிறீங்களே, இதுலயும் ஒண்ணு கண்டுபிடிச்சுக் கொடுங்க!”

நொட்டை பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “ஏம்மா, இந்த மாதிரி விமானத்துல ரெண்டு வகை உண்டு. இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். சண்டைக்குப் போனதுக்குக் கதவு இடப்பக்கம், பயிற்சிக்கு வச்சிருந்ததுக்கு வலப்பக்கம். நம்பர் இருக்கிற வால் படத்துல வரல, அதனால கதவை வச்சுத்தான் சொல்லணும். இதுல கதவு வலப்பக்கம். புத்தகம் சரிதான்.”

வாழ்நாள்லயே அந்த மனுஷன் ஒரு புத்தகத்தைச் சரின்னு சொன்னது அன்னைக்குத்தான். அதுவும் அக்காகிட்டயா சொல்லணும்! புத்தகத்தை அவர் கடையிலயே போட்டுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்துட்டாங்க.

மறுநாள் நொட்டை கடையில ஒரு ஆள் புது ஃப்ரேமை மாட்டிக்கிட்டுக் கண்ணாடியில அழகு பார்த்துக்கிட்டு இருந்திருக்கான். சட்டைப் பையில பேனா. நேர்ல இடப்பக்கம் இருக்கிற பை, கண்ணாடியில வலப்பக்கம். நொட்டைக்குப் பொறி தட்டிடுச்சு. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். கஸ்டமரை அப்படியே விட்டுட்டு ஒரே ஓட்டம். விலை ஒட்டுன ஃப்ரேமோட அந்த ஆளும் வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தான்.

தையல்கடைக்குள்ள மூச்சு வாங்க வந்து நின்னார். “ஏம்மா! நீங்க பட்டன் வச்சே பொழைக்கிறவங்கதானே? உங்கப்பா சட்டையைப் பார்த்தீங்களா?”

“என்ன சார் சட்டைக்கு?”

“பை எந்தப் பக்கம் இருக்கு? பட்டன் எந்தப் பக்கம் மூடியிருக்கு?”

அக்கா பார்த்தாங்க. பை வலப்பக்கம். பட்டன் பொம்பளைங்க சட்டை மாதிரி. எத்தனை தடவை பார்த்த படம்! அப்பா மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து அழுததுல சட்டை கண்ணுல படவே இல்ல.

“படத்தைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சுட்டாங்கம்மா! இடம் வலமாயிடுச்சு. அந்தக் கதவை வச்சுத்தான் கீழே பயிற்சி விமானம்னு எழுதியிருக்காங்க. கதவை மட்டும் பார்த்தேனே, மடையன் நான். ஐயா எங்கே? பெரிய கண்ணாடி எங்கே?”

பெரிய கண்ணாடி டிரையல் ரூம்லதான். அப்பாவைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்து உள்ள ஸ்டூல்ல உட்கார வச்சாங்க. தெரு வெளிச்சம் கண்ணாடியில அடிக்குதுன்னு திரையை இழுத்துவிட்டதும் நொட்டைதான். புத்தகத்தைக் கண்ணாடிக்கு நேரா விரிச்சுப் பிடிச்சார். “ஐயா, புத்தகத்தைப் பார்க்காதீங்க. கண்ணாடிக்குள்ள பாருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, இப்பத் தெரியுதா?”

“ஐயோ, ஆமா சார்!”னாங்க அக்கா. சட்டைப் பை இடப்பக்கம் வந்திருந்துச்சு. கதவும் இடப்பக்கம்.

அப்பா கழுத்தை நீட்டிப் பார்த்தார். கை தானா எழும்பி எதையோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி மூடிக்கிச்சு. “இந்தக் கதவுதான் பாப்பா. சனியன், மூடவே மூடாது.”

அவ்வளவுதான், மடை திறந்தாச்சு. கயிறு, காத்து, தண்ணி கேட்ட சிப்பாய், எல்லாம் வரிசையா வந்துச்சு. நொட்டை நின்னுக்கிட்டே கேட்டார். கேட்டு முடிச்சு, “ஐயா, நேத்து நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்”னு கையைப் பிடிச்சுக்கிட்டார். பதிப்பகத்துக்கு எழுதினார், அடுத்த அச்சுல திருத்துறோம்னு பதிலும் வந்துச்சு. தம்பி வந்து அப்பா பக்கத்துல உட்கார்ந்து கதையை முதல்லேருந்து கேட்டுட்டுப் போனான்.

மறதி போகல. அடுப்பை இன்னமும் அக்காதான் அணைக்கணும். ஆனா தினம் கடை அடைக்கிற நேரத்துக்கு நொட்டை வந்துடுவார், அப்பா கதை சொல்வார், அக்கா டீ போடுவாங்க. நன்றிக்கு ஒரு சட்டையும் தச்சுக் கொடுத்தாங்க. காலர் இறுக்கம்னு அதுக்கும் நொட்டை சொன்னார் மனுஷன். அக்கா சிரிச்சுக்கிட்டே பிரிச்சுத் தச்சாங்க. வேற யாராவது சொல்லியிருந்தா கத்திரிக்கோல் பறந்திருக்கும்.

பேச்சு கடைசியில அக்கா காதுக்கும் வந்துச்சு. நேரா இஸ்திரிக் கடைக்குப் போய், துணிமூட்டையைப் பொத்துன்னு மேஜைமேல போட்டாங்க.

“அண்ணே, உள்ள இருந்தது ரெண்டு பேர் இல்ல, மூணு பேர். எங்கப்பாவும் ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தாரு. அவரு பொய்யும் சொல்லல, கனவும் காணலன்னு அந்த மனுஷன் கண்ணாடியில காட்டிக்கிட்டு இருந்தாரு. கள்ளத்தொடர்புக்கு எவளாவது அப்பாவைக் கூட்டிட்டுப் போவாளா?”