படம் தாவிய இடம்

திரையில் படம் தொடங்குவதற்கு முன்னால் தணிக்கைச் சான்றிதழ் வந்து நிற்கிறதே, அதைக் கண்டால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகள், "ஆரம்பிச்சாச்சா?" என்று என் கையை அழுத்துவாள். சண்டையைப் பார்த்துப் பிள்ளைகள் அதேபோல் செய்துவிடும் என்று நாலு பேர் கூடி உட்கார்ந்து வெட்டுகிறார்கள். வெட்டட்டும். பார்த்ததைப் பிள்ளைகள் செய்யும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் எங்கே பார்த்ததை என்று ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் ஊரில் அந்தப் பேச்சை எடுத்த ஒரே ஆள் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே எங்கள் ஊர். பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே களத்தைப் பார்த்து எதிரும் புதிருமாக இருந்தன. நிலம், மாடு, ஆள் எல்லாவற்றுக்கும் பெரியப்பா சொன்னதுதான் சட்டம். அறுப்பு முடிந்ததும் அவருடைய தரிசில்தான் டூரிங் கொட்டகை போடுவார்கள். இடத்துக்காரர் வீடு என்பதால் எங்களுக்கு டிக்கெட் கிடையாது. வெள்ளிக்கிழமை தோறும் பெரியம்மா எங்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கத்தில் முன்னால் உட்காருவாள். வருஷம் முழுக்க அடுப்படியும் மாட்டுக் கொட்டிலுமாகக் கிடந்தவள், அங்கே மட்டும் காலை நீட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரிப்பாள். எனக்கோ உயிரே அந்தக் கொட்டகையில்தான் இருந்தது.

அந்த வருஷம் வந்த படத்தை நான் வசனம் பிசகாமல் ஒப்பிப்பேன். கதாநாயகனைப் பிடித்து, இரும்புச் சங்கிலியால் தூணில் கட்டுவார்கள். மீசைக்காரத் தளபதி சாட்டையை ஓங்குவான். பெரியம்மா உடனே தன் கடைசி மகனின் கண்ணைப் பொத்துவாள். பொத்தவே வேண்டியதில்லை. சாட்டை தலைக்கு மேல் போனதும் படம் டக்கென்று தாவிவிடும். அடுத்த நொடி கதாநாயகன் குதிரைமேல் பாடிக்கொண்டு போவான். தரை டிக்கெட்காரர்கள் விசில் அடித்துத் திட்டுவார்கள். நடுவில் என்ன ஆயிற்று என்று கொட்டகைக்காரரிடம் கேட்டால், "சென்சார்ல வெட்டிப்போட்டாங்க கண்ணு, அடிக்கிறதைக் காட்டக் கூடாதாம்" என்பார். சென்சார் என்றால் மெட்ராஸில் கத்திரிக்கோலோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கண்ணாடிக்காரர் என்று நினைத்திருந்தேன். அவர்மேல் எனக்குத் தீராத ஆத்திரம். அந்த இடத்தில் என்னதான் நடந்தது என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் சண்டை போட்டுக்கொள்வோம்.

இந்தப் படத்தைப் பார்க்கத்தான் பெரியப்பாவின் பண்ணையத்து ஆள் பழனான், ஒருநாள் கடலைக்காட்டுக் காவலை விட்டுவிட்டுத் தரை டிக்கெட்டில் போய் உட்கார்ந்துவிட்டான். காட்டில் மாடு புகுந்துவிட்டது. மறுநாள் காலையில் அவனைக் களத்து வேப்பமரத்தில் கட்டினார்கள். கிணற்றிலிருந்து மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைக்கென்று வாங்கி வைத்திருந்த, பதனிடாத பச்சைத் தோல்வாரை, பெரியப்பா தன் கையாலேயே தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்தார். பழனானின் கைகளை மரத்தைச் சுற்றிப் பின்னுக்கு இழுத்துக் கட்டினார். பக்கத்தில் நின்ற மூத்த மகனுக்கு விளக்கமும் சொன்னார்.

"நனைஞ்ச வாருதாண்டா புடிக்கும். வெயிலு ஏற ஏற அதுவே இறுக்கிக்கும்."

பெரியம்மா வாசற்படியில் நின்று, "ஏனுங்க, கொழந்தைங்க நிக்கறாங்க" என்றாள்.

"நிக்கட்டும். பாத்தாத்தான் தெரியும்."

நாங்கள் நின்று பார்த்தோம். அன்றைக்கு எங்கள் கண்ணை ஒருவரும் பொத்தவில்லை. பெரியப்பா மாட்டுச் சாட்டையை எடுத்து வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது, நாங்கள் ஓடிவிட்டோம். சாயங்காலம் திரும்பி வந்தபோது மரத்தடியில் பழனான் இல்லை. வார் மட்டும் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் மூத்த மகன், எங்களுக்கெல்லாம் அண்ணன், தன் சொந்தத் தம்பியை அதே மரத்தில் கட்டினான். ஐந்து வயதுப் பிள்ளை. விளையாட்டு என்று நினைத்து முதலில் சிரித்துக்கொண்டே நின்றான். அண்ணன் வாரை மறக்காமல் தொட்டியில் முக்கித்தான் கட்டினான். கட்டிவிட்டு மாங்காய் பறிக்கப் போய்விட்டான். உச்சி வெயிலில் பிள்ளையின் அலறல் கேட்டுப் பெரியம்மா ஓடினாள். விரல்கள் வீங்கிக் கருத்துப்போயிருந்தன. அவள் முடிச்சைப் பிடித்து இழுத்தாள், என் அம்மாவும் சேர்ந்து இழுத்தாள். இழுக்க இழுக்கப் பிள்ளை துடித்தான்.

பெரியப்பா வந்தார். "இழுக்காதீங்க! இழுத்தா இன்னும் கையை அறுக்கும். தண்ணி கொண்டாங்க!" குடம் குடமாக முடிச்சில் ஊற்ற வைத்தார். தோல் ஊறியதும் இரண்டு விரலால் நெம்பினார். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பெரியப்பாவுக்குத் தெரியாத வித்தையே இல்லை என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "எல்லாம் அந்தக் கொட்டாயினால வந்தது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொட்டகை என்ன செய்தது? ஆனால் களத்தில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆமாமா, படத்திலே தூணில் கட்டுகிறானே, அதைப் பார்த்துத்தான் பையன் கட்டியிருக்கிறான் என்றார்கள். அண்ணனும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். படத்தைப் பார்த்துத்தான் செய்தேன் என்று அழுதான், அடியிலிருந்து தப்பித்தான்.

பெரியப்பா எதையும் முறையாகச் செய்கிறவர். கிராமத்து வரி அதிகாரியான பார்வத்தியக்காரரை வரவழைத்தார். ஒரு மலையாளத்துப் பெரிய மனிதர் அவர். படம் பிள்ளைகளைக் கெடுக்கிறதா இல்லையா என்று இரண்டு பேரும் நேரிலேயே பார்த்துத் தீர்மானிப்பது என்று ஏற்பாடு. எங்கள் வீட்டு நாற்காலிகளைத் தலையில் சுமந்துகொண்டு போய்க் கொட்டகையில் போட்டவன் பழனான். அவன் கை மணிக்கட்டில் அப்போதும் புண் ஆறவில்லை. இரண்டு நீதிபதிகளும் வெற்றிலை போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார்கள். கோமாளி வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தாய் பிரிந்து போகிற கட்டத்தில் பார்வத்தியக்காரர் மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். சாட்டை ஓங்கிய இடத்தில் படம் வழக்கம்போல் தாவியது. அவர்கள் தேடி வந்த குற்றம் அங்கே இல்லவே இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. கொட்டகை தப்பித்தது என்றே நம்பினேன்.

மறுநாள் காலை களத்தில் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி பார்வத்தியக்காரர் தீர்ப்புச் சொன்னார். "படம் நல்ல ரசம்தான். ஆனா குட்டிகள் கண்டா அதுபோலத்தானே செய்யும்? கொட்டகை வேண்டாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு பெரிய மனிதர்கள், கண்ணால் பார்த்துவிட்டு வந்தும் இப்படிப் பேசுவார்களா? பெரியவர்கள் நடுவில் போய் நின்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

"படத்துல வாரே இல்லீங்க பெரியப்பா. இரும்புச் சங்கிலிங்க. அதை ஆரும் நனைக்கவும் இல்லீங்க. சாட்டையத் தூக்குனதும் தாவிப்போயிருமுங்க, நீங்களே பாத்தீங்கல்ல? அண்ணன் படத்தைப் பாத்துக் கட்டலீங்க. நீங்க பழனானைக் கட்டுனதைப் பாத்துத்தானுங்க கட்டுனாங்க. அதே வாருங்க. அதே மரமுங்க."

நான் கொட்டகைக்காக வாதாடினேன், அவ்வளவுதான். வேறொன்றும் என் மனதில் இல்லை. ஆனால் பார்வத்தியக்காரர் காப்பித் தம்ளருக்குள் எதையோ தேடினார். நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த பழனான் துடைப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான். வாசற்படியில் நின்ற பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

பெரியப்பா என்னை அடிக்கவில்லை. பார்வத்தியக்காரர் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார். "பாத்தீங்களா? பொட்டப்புள்ள, பெரியவங்களை எதுத்துப் பேசுது. இதும் அங்க கத்துக்கிட்டதுதான்."

அதைக் கேட்டதும் பார்வத்தியக்காரருக்கு உயிர் வந்தது. ஆமாம் ஆமாம் என்று அவசரமாகத் தலையாட்டினார். என் அம்மா வந்து தொடையைக் கிள்ளி என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த நியாயத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. உண்மையைச் சொன்னதையே குற்றத்துக்குச் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள்.

கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். கீற்றும் கம்பும் மூட்டைகளுமாக எங்கள் வண்டியிலேயே ஏற்றினார்கள். கோவிந்தாபுரம் வரை கொண்டுபோய் விட்டு வரும்படி பழனானுக்கு உத்தரவு. பெரியம்மா அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எங்கேயும் போனதில்லை. நான் அழுது அழுது கண் வீங்கி வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஊரில் எல்லோர்மேலும் கோபம். பழனான்மேல் அதைவிடக் கோபம். அவனைக் கட்டியது அவனுக்குத் தெரியாதா? அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொட்டகை பிழைத்திருக்குமே!

"நீயும் அங்கதான நின்ன? பெரியப்பாகிட்ட, ஆமாங்க பண்ணாடி, அம்மிணி சொல்றது நெசந்தானுங்கன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"நானுங்களா அம்மிணி?" என்று பழனான் சிரித்தான்.

"இனி அந்த எடத்துல என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கவே முடியாது. சாட்டையத் தூக்குன பொறவு."

மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தவன் ஒரு கணம் நின்றான். "அந்த எடம் எனக்குத் தெரியுமுங்க அம்மிணி," என்றான். "முச்சூடும் தெரியுமுங்க." பிறகு வண்டியில் ஏறி, முதுகை எதிலும் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனான்.

எங்கள் யாருக்கும் காட்டாமல் வெட்டிய காட்சியை இவன் மட்டும் கோயமுத்தூரிலோ எங்கேயோ போய் முழுசாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறானே என்று எனக்குப் பல நாள் பொறாமையாக இருந்தது.