நான் சாப்பிடாத இறா பன்

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்க்க வந்தோம் என்று சொல்வார்கள். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாதிப் பேர் போய் நிற்பது நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் அந்த அக்காவின் தள்ளுவண்டி முன்னால்தான். அங்கே கிடைப்பது இறா பன். பன்னை ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி வகுந்து, இறால் வதக்கிய அதே கல்லில் கவிழ்த்து, எண்ணெயும் மசாலாவும் உள்ளே இறங்கும் வரை அழுத்திப் பிடிப்பார். பிறகு மிளகும் பூண்டும் தூக்கலாகப் போட்டுச் சுருள வதக்கிய ஏரி இறால் இரண்டு கரண்டி, மேலே நறுக்கிய வெங்காயம். அவ்வளவுதான். அதற்காகப் பொன்னேரி பஸ் டிரைவர் ஐந்து நிமிடம் வண்டியைக் கிளப்பாமல் வைத்திருப்பார். பயணிகளும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அவர்கள் கையிலும் ஆளுக்கொன்று இருக்கும். என்னோடு வேலை பார்க்கும், கவிச்சி சாப்பிடாத கணக்கு டீச்சர்கூட, இறாலே போடாமல் அந்தக் கல்லில் புரட்டிய வெறும் பன்னை என்னை வாங்கி வரச் சொல்வார். அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

நான் காட்டூர்ப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பழவேற்காட்டில் வீடு. தினமும் பஸ்ஸில் போய் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். அந்த அக்காவின் குடும்பம் ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பம். அவருடைய நாத்தனார் விடியற்காலையில் இடுப்பளவு தண்ணீரில், பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடித்து வருவார். அதுதான் அன்றைக்குக் கல்லில் ஏறும். நேற்றைய இறால் என்ற பேச்சே அந்தக் கடையில் கிடையாது.

எங்கள் பள்ளியின் தமிழ் சார் ஓய்வு பெற்ற நாளில், விருந்துக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டோம். "கேக்கெல்லாம் வேணாம். பழவேற்காட்டு இறா பன்னு இருந்தா போதும்" என்றார். வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது. காலை ஏழு மணிக்கு அக்கா இருபத்தைந்து பன்னை வாழையிலையில் சுற்றி, பெரிய எவர்சில்வர் டப்பாவில் அடுக்கிக் கொடுத்தார்.

"எத்தினி மணிக்கு ஃபங்ஷன் டீச்சர்?"

"பதினோரு மணிக்குக்கா."

"அப்ப சரி. அதுக்கு மேல வெச்சிக்கினு இருக்காதீங்க. இறா சூடு தாங்காது."

சிறப்பு விருந்தினராக வர வேண்டியவர் பதினோரு மணிக்கு வரவில்லை. இதோ அதோ என்று இரண்டரை ஆயிற்று. டப்பா, சிமெண்டு ஷீட் போட்ட சாமான் அறையில் இருந்தது. மூன்று மணிக்கு நான் போய் மூடியைத் திறந்தேன். வெப்பம் முகத்தில் அடித்தது. அதோடு ஒரு வாடை. பெரிதாக இல்லை, லேசானதுதான். ஆனால் எனக்குத் தெரிந்தது. மீன் வாங்கிப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

சிறிது நேரம் அங்கேயே நின்றேன். வெளியே சாருக்குப் பொன்னாடை போர்த்திக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இதைக் கொட்டிவிட்டால் கொடுக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் பிஸ்கட் பாக்கெட் விற்கிற கடைகூடக் கிடையாது. "ஒரு வேலை குடுத்தோம், அதையும்" என்று தலைமை ஆசிரியை இழுப்பது காதில் கேட்டது போலவே இருந்தது. தட்டுகளில் எடுத்து வைத்தேன். எல்லோருக்கும் நானே பரிமாறினேன். நீங்க சாப்பிடலையா என்று கேட்டவர்களிடம், அப்புறம் சாப்பிடுகிறேன் என்றேன். சார் இரண்டு சாப்பிட்டார்.

மறுநாள், சாப்பிட்டவர்களில் ஒன்பது பேர் பள்ளிக்கு வரவில்லை. சாருக்குக் குளுக்கோஸ் ஏற்றியிருப்பதாகச் சொன்னார்கள். தலைமை ஆசிரியை கேட்ட முதல் கேள்வி, "எங்க வாங்கினீங்க?"

"பஸ் ஸ்டாப் அக்கா கடைலதான் மேடம்."

"நெனச்சேன். அவங்களுக்கெல்லாம் சுத்தம்னா இன்னான்னு தெரியுமா? ஏரித் தண்ணியிலயே கெடக்கிறவங்க."

எத்தனை மணிக்கு வாங்கினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் என்னையே நம்ப வைத்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டார். அங்கிருந்து அது ஆரம்பாக்கம் வரைக்கும் போய்விட்டது. அழுகிய இறால், பழைய எண்ணெய் என்று போகப் போக வளர்ந்தது. ஒரு வாரத்தில் டிரைவர் பஸ்ஸை நேரத்துக்குக் கிளப்ப ஆரம்பித்தார். அக்கா வண்டியில் பன் அடுக்கு அடுக்காக அப்படியே இருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறுவேன்.

ஒரு நாள் காலையில் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"டீச்சர், உங்களுக்கும் ஒடம்பு முடியாம போச்சாமே. தேறிடுச்சா?"

யார் அப்படிச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. இல்லை என்று சொல்ல அது ஒரு வாய்ப்பு. "ஆமாக்கா, மூணு நாள்" என்று என் வாய் சொன்னது.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என் கையால துன்னு உங்களுக்கு இப்டி ஆயிடுச்சே. இன்னா தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். எண்ணெய மாத்திட்டேன், கல்ல மாத்திட்டேன். என் நாத்தனாரு மேலதான் சந்தேகம். முந்தாநாள் புடிச்சத கலந்து குடுத்துட்டியான்னு கேட்டுட்டேன். அது கோச்சிக்கினு இப்ப வர்றதே இல்ல."

"விடுங்கக்கா, சரியாயிடும்" என்றேன். அவர் கையிலிருந்து என் கையை எப்படி எடுத்தேன், எப்படி பஸ் ஏறினேன் என்பது நினைவில்லை. அந்த வாரத்துக்குப் பிறகு அவர் இறா பன் போடுவதை நிறுத்திவிட்டார். டீயும் பன் பட்டர் ஜாமும் மட்டும்.

நாலு மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் பள்ளி விட்டுத் திரும்பும்போது திருப்பாலைவனத்தில் தமிழ் சார் பஸ் ஏறினார். இளைத்திருந்தார். என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"எங்க சார் இந்தப் பக்கம்?"

"இறா பன்னு சாப்பிடத்தான். வீட்டுல வேணாம்னு சண்டை. இருபது வருஷமா சாப்பிடறேன், ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அக்கா நிறுத்திவிட்டதைச் சொன்னேன். அவர் சாதாரணமாக, வகுப்பில் சந்தேகம் கேட்கிற பையனிடம் பேசுவது போல, "அன்னிக்கு எத்தனை மணிக்குமா வாங்கினீங்க?" என்றார்.

"ஏழு மணிக்கு சார்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. ஷீட் அறை, வாடை, நான் சாப்பிடாமல் இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தபோதுகூட நான் பேசிக்கொண்டே இருந்தேன். சார் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "இத அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல சார். நீங்களும் கூட வரீங்களா?"

"நான் எதுக்கு? நீங்க போய்ச் சொல்லுங்க."

கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் அவர் படகுத்துறைப் பக்கம் நடந்துவிட்டார். நான் வண்டி முன்னால் போய் நின்றேன். டீ குடிக்க ஆள் இல்லாத நேரம். நின்றபடியே சொல்லி முடித்தேன். அக்கா கழுவிக்கொண்டிருந்த டீ கிளாஸையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், அவர் முகத்தில் முதலில் தெரிந்தது ஒருவித நிம்மதி. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அப்ப இறா நல்ல இறாதான்" என்றார்.

"ஆமாக்கா."

"இத என் நாத்தனாருகிட்ட நீங்களே வந்து சொல்லணும். நான் சொன்னா அது நம்பாது."

மறுநாள் லீவு போட்டேன். காலையில் அக்கா என்னை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். நாத்தனார் அப்போதுதான் கரையேறிக்கொண்டிருந்தார். புடவை முழங்கால் வரை சேறு, கையில் பறி. அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கிப் போய் அவர் எதிரே நின்று சொன்னேன்.

"வாடை வந்தது தெரிஞ்சும் குடுத்தியா?"

"ஆமா."

"நீ துன்னல?"

"இல்ல."

என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு குனிந்து இறாலை அலச ஆரம்பித்தார். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து தானும் கை வைத்தார். நாத்தனார் கையைத் தட்டிவிடவில்லை. நான் அங்கே இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று புரிந்ததும் கரையேறிவிட்டேன்.

அன்றைக்கே பெற்றோர் குழுவில் நடந்ததை எழுதிப் போட்டேன். தலைமை ஆசிரியை உடனே போன் செய்தார். "முடிஞ்சு போனத எதுக்கு டீச்சர் கெளர்றீங்க? ஸ்கூல் பேருதான் கெடும். மொதல்ல அத டெலிட் பண்ணுங்க." நான் நீக்கவில்லை. இரண்டு பேர் கை கூப்பும் படம் போட்டார்கள். ஒருவர், விருந்துக்கு வந்திருந்த எங்க அப்பா ஒரு வாரம் படுத்திருந்தார், அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நான்தான் என்று எழுதினேன்.

பழிச்செய்தி போன வேகத்தில் இது போகவில்லை. ஆனாலும் மெதுவாகப் போய்ச் சேர்ந்தது. பொங்கலுக்குப் பிறகு அக்கா மறுபடியும் இறா பன் போடுகிறார். முன்பிருந்த கூட்டத்தில் பாதி இருக்கும். பார்சல் மட்டும் யார் கேட்டாலும் தருவதில்லை, அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். தமிழ் சார் மாதம் ஒரு முறை வந்து இரண்டு சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

நானும் சில நாள் போகிறேன். அக்கா கொடுக்கிறார், நலம் விசாரிக்கிறார். நாத்தனார் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருப்பார். ஏரிக்கரையில் கேட்ட இரண்டு கேள்விகளுக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் எதிர்பார்ப்பதில்லை.