மேஸ்திரி போட்ட மண் தரை

ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பிடிக்கிறார் மேஸ்திரி. கையை விரித்து, உருண்டையை ஒற்றை விரலால் தட்டுகிறார். உதிர்ந்தால் சரி. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் இன்னும் காய வேண்டும். காலையிலிருந்து இது ஆறாவது பிடி. சமையலறை வாசலில் மூன்று வாளிகள்: தோட்டத்து மண், தேங்காய் நார்த்தூள், இரண்டும் கலந்தது.

டைல்ஸ் பதிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. முப்பது வருடம் மண்டியிட்டே பிழைத்ததில் முழங்கால் இரண்டும் காய்த்துப் போயிருக்கின்றன. ரசமட்டம் அவர் சட்டைப்பையை விட்டு இறங்கியதே இல்லை. விருந்துக்குப் போன வீட்டிலும் மேசைமேல் அதை வைத்து, நீர்க்குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். மனைவிக்கு மானம் போகும். "சாப்பிடக் கூப்பிட்டாங்க, மட்டம் பாக்கக் கூப்பிடல."

மகள் வேலைக்காக வெளியூர் போனபோது தன் ஆமையை அப்பாவிடம் விட்டுப் போனாள். இவர் சும்மா இருப்பாரா? பழைய அலமாரி ஒன்றை மல்லாக்கப் படுக்கவைத்து, உள்ளே வழவழவென்று டைல்ஸ் பதித்தார். அவர் போட்டதிலேயே அழகான தரை அது. பாவம், அந்த ஆமைக்குக் காலூன்ற முடியவில்லை. நான்கு காலும் நான்கு பக்கம் வழுக்க, வயிற்றால் இழைந்தது. ஒரு மாதத்தில் பின்னங்கால்கள் அகன்றுபோயின, தீனியும் நின்றுபோனது.

"நடக்க வைங்க. இல்லன்னா கால் போயிடும்" என்றார் மருத்துவர்.

மேஸ்திரி வீட்டுக்கு வந்து உளியை எடுத்தார். தான் போட்ட தரையைத் தானே பெயர்த்தது அன்றுதான். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. போன் வந்தால் மனைவியிடம் கொடுத்துவிடுகிறார்.

மணல் கூடாதென்று முதலிலேயே தள்ளிவிட்டார். "தீனியோட முழுங்கிட்டா குடல அடைச்சுக்கும்." மரத்தூளை முகர்ந்து பார்த்தே ஒதுக்கினார். "நமக்கே தும்மல் வருது. அதுக்கு மூக்கு தரையிலதான இருக்கு."

ஆறாவது பிடி தட்டியதும் உதிர்கிறது. கலந்த மண்ணை அலமாரியில் கொட்டுகிறார். கொட்டியதும் பழக்கதோஷம்: கரணையால் இழுத்து நிரவி, ரசமட்டம் வைத்து, குமிழி நடுவுக்கு வந்த பிறகே நிமிர்கிறார்.

"பாலிஷும் போட்டுருங்களேன்" என்கிறாள் மனைவி.

ஆமையை இறக்கிவிடுகிறார். வெகுநேரம் அது அசையவே இல்லை. பிறகு ஒரு முன்னங்கால் மண்ணைப் பிறாண்டுகிறது. பின்னங்கால்கள் ஊன்றுகின்றன, வயிறு தரையை விட்டு எழும்புகிறது. நாலு அடி வைத்து மூலைக்குப் போய், மண்ணை வாரி இறைத்துத் தோண்டத் தொடங்குகிறது. மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடேயே, அவர் கை தன்னால் கரணையை எடுத்து அந்தப் பள்ளத்தை நிரவப் போகிறது.

பாதி வழியில் நிறுத்துகிறார்.

"இந்தக் கை சும்மா இருக்காது. நீ வச்சுக்க" என்று கரணையைத் துடைத்து மனைவியிடம் நீட்டுகிறார். சற்று யோசித்து, சட்டைப்பையிலிருந்த ரசமட்டத்தையும் எடுத்துக் கொடுக்கிறார்.