கெசியா வைத்த கல்

கோபப்படுவதே பாவம் என்று வளர்க்கப்பட்டவள் கெசியா. அந்தப் பாவத்தை அவள் ஆற அமரச் செய்தாள்.

அமெரிக்காவின் மேற்கு ஜெர்சியில், உப்புச் சதுப்பை மண்கரை கட்டித் தடுத்து எழுப்பிய ஊர் அது; மௌனமாக உட்கார்ந்தே தொழும் குவேக்கர் கிறிஸ்தவர்களின் ஊர். ஆளுநரே வந்தாலும் அங்கே தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். சாவிலும் எல்லாரும் சமமாம்! செத்த வரிசைப்படி புதைப்பார்கள். கல் கிடையாது, பெயர் கிடையாது. கெசியாவின் நாலு வயது மகள் டார்க்கஸையும் அப்படித்தான் புதைத்தார்கள். மழையில் மேடு கரைந்தது. அடுத்த குழி தோண்டியவனின் மண்வெட்டி குழந்தையின் பெட்டியில் போய் இடித்தது.

அன்றே ஒரு கல்லை உருட்டி வந்து மகளின் தலைமாட்டில் நட்டாள்.

மூப்பர் எலியேசர் வந்தார். "கல்லு வைக்கிறது பெருமை, கெசியா. எடுத்துடு."

"பெருமையா? உன் வீட்டு நெத்தியில நீலச் செங்கல்லுல ஆள் உசரத்துக்கு உன் பேரப் பதிச்சிருக்கியே, அது என்ன தாழ்மையா?"

"கோபம் வேணாம். மௌனமா உக்காந்து யோசி."

"உக்காந்து உக்காந்துதான் என் புள்ள தலையில மண்வெட்டி விழுந்துச்சு. போ!"

கையோங்க மாட்டார்கள், அவ்வளவு நல்லவர்கள்! கல்லை மட்டும் மூன்று முறை பிடுங்கி ஓடையில் போட்டார்கள். மூன்று முறையும் இடுப்பளவு சேற்றில் இறங்கி எடுத்து வந்து நட்டாள். கடைசியில் சபைக் கூட்டத்தில் ஒரு தாளை வாசித்து அவளைத் தள்ளிவைத்தார்கள். புருஷன் ஏமஸ் அவளுக்காகப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவனை அவள் சாகும்வரை மன்னிக்கவில்லை.

ஐந்தாம் வருஷம் கடல் அந்த மண்கரையை உடைத்தது. அடைக்கப் போன எலியேசரின் மகனோடு ஏழு பேர் செத்தார்கள். புதைத்ததை வேலிக்கு வெளியே நின்று கெசியா பார்த்தாள். மறுபடி வந்த வெள்ளம் இடுகாட்டை வழித்துத் துடைத்தது; கெசியாவின் கல் மட்டும் நின்றது. வயலெல்லாம் உப்பாகிவிட, ஊரே மூட்டை கட்டியது.

எலியேசர் அவள் வாசலில் வந்து நின்றார். "நாளைக்குக் கெளம்புறோம். என் பையன் எங்க கெடக்கான்னு தெரியல, கெசியா."

"நான் உங்க ஆளு இல்லையே. என்னை ஏன் கேக்குற?"

ஆளுநருக்குக் கழற்றாத தொப்பியை அவர் கழற்றினார்.

அதற்கெல்லாம் அவள் மனம் இளகவில்லை. "என் கல்லுலருந்து கிழக்கால ஒம்பதாவது குழி. குழிக்கு ரெண்டு எட்டு வச்சு எண்ணிக்கிட்டே போ. ஆனா முதல்ல அங்க நின்னு என் பொண்ணு பேரச் சொல்லு. எனக்கு இங்க கேக்கணும்."

கேட்டது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.