மீனுக்குக் குற்றாலத் தண்ணீர்

மீன் தொட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த பாசியைப் பழைய பிரஷால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அப்போதும் இதே தென்காசி. அக்கா தன் இரண்டு தங்கமீன்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, பாவூர்சத்திரம் அத்தை வீட்டுக்கு ஒரு வாரம் கிளம்பினாள். “மீனுக்கு எதுவும் ஆச்சு, கொன்னுருவேன்லே!”

பாவம், மீன்களும் சாரலைப் பார்க்கட்டுமே என்று தொட்டியை ஜன்னலில் வைத்தேன். சாரல் ஏமாற்றிவிட, வெயில் கொளுத்தியது. நாலாம் நாள் தண்ணீர் புதினாச் சட்னியாகிவிட்டது. மீன்களைக் காணோம்!

அப்பா அசரவில்லை. “குத்தாலத்துல குளிச்சா பைத்தியமே குணமாயிரும்ங்காவ. இந்தப் பாசி போவாதாலே?”

கேனோடு பஸ் ஏறினோம். எண்ணெய் தேய்த்த தொந்திகளுக்கு நடுவே புகுந்து அருவியில் கேனைப் பிடித்தேன். கேனில் விழுந்ததைவிட என் மண்டையில் விழுந்ததே அதிகம். அடடா, என்ன குளிர்! வீட்டுக்கு வந்து பாதித் தண்ணீரை மாற்றி, தொட்டியை மறுபடி ஜன்னலிலேயே வைத்தேன். மறுநாள் பச்சை அப்படியே இருந்தது. மேலே எண்ணெய் வேறு மினுங்கியது.

அக்கா வந்துவிட்டாள். “ஏலே, மீன் எங்கலே?”

“உள்ளதான்க்கா இருக்கு... நம்பு.”

கையை விட்டுத் துழாவினாள். இரண்டும் உயிரோடு துள்ளின! எனக்கும் உயிர் வந்தது. “வெயில்ல வச்சா பாசி பிடிக்காம பவுனா பிடிக்கும்?” என்று தொட்டியை இருட்டு மூலைக்கு நகர்த்தினாள்.

இதோ, வீடியோ காலில் அதே அக்கா. பளபளக்கும் தொட்டியைப் பெருமையாகக் காட்டினேன்.

“ஏலே, பின்னால தெரியுறது ஜன்னலா?”

வெளியே சாரல். மீன்கள் பார்க்கட்டுமே என்றுதான் வைத்தேன்.