வயிற்றுக்கடியில் இருந்த கை

நேற்று எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர்கள், நனைந்த தேங்காய்நார்க் கயிறு ஒன்றை வாசலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். கோயமுத்தூர் வெயிலில் அது காயக் காய எழுந்த வாசனை என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. இரண்டு மாதமாகத் தொடாமல் வைத்திருந்த காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தேன்.

என் வாழ்க்கைக் கதைதான். ஓய்வு பெற்றவன் கையில் பேனா கிடைத்தால் குரங்கு கையில் பூமாலைதான் என்று மனைவி அப்போதே சொன்னாள். எனக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயம், பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியது. இடுப்பில் சுரைக்குடுக்கையோடு நான் தத்தளிக்க, ரங்கன் என் வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தாங்குகிறான். உதடு நீலம் பாரிக்கும்வரை இருவரும் தண்ணீரில் ஆடுகிறோம். எழுதும்போது கண் கலங்கியது. கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

ரங்கன் பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன். அவன் அப்பா எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர். ரங்கன் பெருந்துறையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது அங்கேயே இருக்கிறான். அத்தியாயத்தை அவனுக்கு அனுப்பிவிட்டு, பாராட்டு வரும் என்று போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கூப்பிட்டான். நன்றாக இருக்கிறது என்றான். பிறகு தயங்கி, "ஒண்ணு மட்டுங்க. அந்தக் கெணத்துல நான் எறங்குனதே இல்லீங்களே" என்றான்.

வயசாகிவிட்டது, உனக்கு மறந்துபோயிருக்கும் என்று சிரித்தேன்.

"உங்களுக்கு மறந்துருக்கலாமுங்க. எனக்கு எப்புடிங்க மறக்கும்?"

அவன் சாதிக்காரர்கள் எங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தொடக்கூடாது என்பது அன்றைய ஊர்க் கட்டுப்பாடு. வாய்க்காலில் எனக்கு முன்பே நீந்தப் பழகியவன், என் இடுப்பில் கட்டிய தேங்காய்நார்க் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றே, காலை அடி, கையை வீசு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான். நான் மூழ்கும்போதெல்லாம் இழுத்துத் தூக்கியிருக்கிறான். நார் உராய்ந்து உள்ளங்கைத் தோல் உரிந்து, பென்சில் பிடிக்க முடியாமல் வாத்தியாரிடம் அடி வாங்கினானாம். அவன் சொல்லச் சொல்ல, என் வயிற்றில் அழுந்தியது எதுவென்று எனக்கு விளங்கிவிட்டது. கை இல்லை, கயிறு. அந்த வயதிலேயே அவன் என்னை வாங்க போங்க என்றதும், நான் அவனை வாடா என்றதும்கூட அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் எல்லாருக்கும்தான் ‘ங்க’ போடுவார்கள் என்று இத்தனை வருஷம் சமாதானமாக இருந்துவிட்டேன்.

வெட்கமாக இருந்தது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எடுக்க வேண்டாமுங்க. நடந்தத எழுதிப்போடுங்க, போதும்."

அன்றைக்கு மூடி வைத்த கட்டு அது. நேற்று கயிற்று வாசனைதான் என்னைத் திரும்ப உட்காரவைத்தது. நான் நீந்தினேன், ரங்கன் மேலே நின்றான். அவ்வளவு எழுதியதும் பேனா நின்றுவிட்டது. ஒரு தடவையாவது, நீயும் இறங்குடா என்று கூப்பிட்டேனா? கூப்பிட்டதாக எழுத ஆசையாகத்தான் இருந்தது. கூப்பிடவில்லை என்று எழுதினேன்.

தோட்டத்தை விற்று வெகுநாளாகிறது. வாங்கியவர்கள் கிணற்றை மண் போட்டு மூடி, மேலே மனைக்கல் நட்டிருக்கிறார்கள். இப்போது நான் கூப்பிட்டாலும், ரங்கன் இறங்குவதற்குக் கிணறு இல்லை.