பிரெஞ்சுக்காரனுக்குச் சாரம் கட்டிய நாள்

எண்பதுகளின் நடுவில், பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில், பழைய ஓவியங்களைத் திருத்தும் ஓர் அத்தலியேயில், அதாவது பட்டறையில், எனக்கு வேலை கிடைத்தது. கூட்டுவது, படச் சட்டம் தூக்குவது, வார்னிஷ் தூரிகை கழுவுவது. உரிமையாளர் மதாம் அறுபதைத் தாண்டியவர், அளந்துதான் பேசுவார். அவர் தரும் வேலைக் கடிதத்தோடு ஒரு திங்கட்கிழமை நான் விசா கொடுக்கும் அரசு அலுவலகமான பிரிபெக்சருக்குப் போக வேண்டியிருந்தது. கடிதம் இல்லாவிட்டால் அந்த நாட்டில் தங்குவதற்கான கார்ட் இல்லை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதாம் ஒரு படத்துக்கு வார்னிஷ் பூசி, காய்வதற்காக ஜன்னலோரம் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியக் கல்லூரி மாணவன் ஒருவன் பரீட்சைக்கு வரைந்த எண்ணெய் ஓவியம். ஆளுயரத்தில் ஓர் ஆண், கையில் கம்பு, உடம்பில் ஒட்டுத்துணி இல்லை.

எதிர்ப்பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்த செல்வம் அண்ணை கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"தம்பி, உதென்ன கோலம்? எங்கடை பொம்பிளையள் சாமான் வாங்க வாற றோட்டு. மூடி விடுமன்."

எனக்கு முகம் எரிந்தது. உடுப்பு மாற்றுவதற்கென்று கொண்டுவந்திருந்த சாரத்தை, அதுதான் லுங்கியை, எடுத்து, இடுப்பிலிருந்து முழங்கால் வரை படத்தின் மேல் போர்த்தினேன். ஆணி தேவைப்படவில்லை, தானாகவே ஒட்டிக்கொண்டது. அதிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மதாம் வந்து சாரத்தை மெல்ல உரித்தார். தொடை முழுவதும் துணியின் நெசவு பதிந்து, நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கடிதம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சும் மறந்து, "பார்தோன், மதாம்" என்ற மன்னிப்பு மட்டும் வாயில் வந்தது.

அவர் திட்டவில்லை. குச்சியில் பஞ்சு சுற்றி, வார்னிஷ் கரைக்கும் மருந்தில் நனைத்து, வர்ணத்தைத் தொடாமல் வார்னிஷை மட்டும் எடுப்பது எப்படி என்று செய்து காட்டினார். பிறகு குச்சியை என்னிடம் தந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

பின்னேரம் வரை அந்த உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டியதாயிற்று. வெட்கம் பத்து நிமிஷத்தில் போய்விட்டது. அப்போதுதான் கண்டேன்: உடம்பு வெள்ளை, கைகள் மட்டும் மணிக்கட்டு வரை கறுத்துச் சிவந்திருந்தன. கழுத்தும் அப்படியே. மதாமுக்குக் காட்டினேன்.

"வெயிலில் வேலை செய்த கூலியாள்தான்," என்றார், எனக்கு விளங்கும்படி மெதுவாக. "வேறு வேலை கிடைக்காத நாளில் கல்லூரிக்கு வந்து, மாணவர்கள் பார்த்து வரைய மணிக்கணக்காக அசையாமல் நின்றிருப்பான். மாணவன் அந்தக் கைகளை அழகாக்கவில்லை, உள்ளபடி வரைந்திருக்கிறான்."

அதற்கு முந்தைய மாதம்தான் ஒபர்வில்லியே கிடங்குகளின் வாசலில் ஒருநாள் வேலைக்காக நானும் அப்படி நின்றிருந்தேன். கண் கலங்கிவிட்டது.

மாலையில் மதாம் கடிதம் எழுதித் தந்தார். துப்புரவு வேலை என்று இருக்கும் என நினைத்தேன். ஓவியம் சுத்தம் செய்பவர் என்று இருந்தது.

ஓய்வு பெறும்வரை அந்த வேலையைத்தான் செய்தேன். இத்தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: வார்னிஷ் காயும்வரை துணி படக் கூடாது, படத்தில் நிற்கிறவனை நன்றாகப் பார்க்காமல் பஞ்சைத் தொடக் கூடாது. மதாமுக்கு எத்தனையோ தடவை நன்றி சொல்லிவிட்டேன். அந்தக் கூலியாளுக்குச் சொல்ல அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.